ஷேடு பெட்டிக்குள் ஆஷா

ஆஷாவின் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று ரோஸ்மேரிக்கும் சகாயராஜுக்கும் மூன்று நாளாகச் சண்டை. ஆறு வயது மகளுக்கு அந்த ஒரே வருடத்தில் இரண்டு முறை காமாலை வந்து போயிருந்தது. இரண்டு முறையும் சகாயராஜ் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தான், இறங்கிவிட்டது. அதிலிருந்து பெருமாநல்லூர் லைன் வீடுகளில் அவன் பாதி வைத்தியன்.

"குண்டு பல்பு வெளிச்சத்துல வெள்ளச் சட்டையே மஞ்சளாத்தான் தெரியும். ஒனக்குக் கம்பெனிப் புத்தி புள்ள, எதப் பாத்தாலும் ஷேடு மாறிப்போச்சும்ப," என்றான் அவன்.

ரோஸ்மேரி பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங். வெள்ளையில் மட்டும் எட்டு வெள்ளை தெரியும் அவளுக்கு. மகளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆஷாவைக் கம்பெனிக்கே தூக்கி வந்துவிட்டாள்.

"ஏனுங்க ரோஸ்மேரி, புள்ளையக் கூட்டியாந்திருக்கறீங்க?" என்றார் சூப்பர்வைசர் தங்கவேலு.

"ரெண்டே நிமிசம்ணே. ஒரு பீஸ் பாக்கணும்."

ட்யூப்லைட்டில் நிறம் ஒத்துப்போகிற துணி வெயிலில் பல்லிளிக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஷேடு பெட்டி. ஒரு பக்கம் திறந்த சாம்பல் நிறப் பெட்டி, உள்ளே விதவிதமான விளக்குகள். பகல் விளக்கைப் போட்டு, மகளின் தலையை உள்ளே விட்டு, கன்னத்தில் வெள்ளை வெட்டுத்துணியை வைத்தாள். தங்கவேலுவும் குனிந்து பார்த்தார்.

"சுத்தமா ஒத்து வரலீங்க. முழி மஞ்சளா கெடக்குதுங்க!"

"நான் ரிஜெக்டா மாமா?" என்றாள் ஆஷா.

"உன்னைய யாரு கண்ணு ரிஜெக்ட் பண்றது? ஆல்ட்டர் பண்ணிக்கலாம்."

சாயங்காலமே டாக்டர் மைதிலி ஆஷாவின் வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "வெளிக்கி எப்படிப் போகுதுங்க?"

"சாம்பல் வெள்ளைங்க. களிமண் மாதிரி," என்று ஷேடு தவறாமல் சொன்னாள் ரோஸ்மேரி.

ரத்தத்தில் பித்தம் ஏறியிருந்தது. எங்கே அடைப்பு என்று ஸ்கேன் காட்டியது. துணி பின்னும் நிட்டிங் மிஷினிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு ஓடிவந்த சகாயராஜிடம் டாக்டர் விளக்கினார்: "கல்லீரல்ல இருந்து பித்தம் ஒரு குழாய் வழியா குடலுக்குப் போகோணுங்க. பாப்பாவுக்குப் பொறவியிலயே அந்தக் குழாய் பையாட்டம் உப்பியிருக்குது. பித்தம் தேங்கி அடைக்கறப்ப வலி, காமாலை. அடைப்பு வழி விட்டா காமாலை தானா இறங்கிரும்."

"அப்ப கீழாநெல்லி?"

"தானா இறங்கறப்ப நீங்க குடுத்திருக்கறீங்க."

சகாயராஜ் தலையைச் சொறிந்தான். பஞ்சு உதிர்ந்தது. "மருந்துல சரியாகாதுங்களா?"

"உப்புன குழாயை எடுத்துட்டு, குடலை மேல கொண்டுபோயி கல்லீரலோட இணைக்கோணுங்க. விட்டு வெச்சா பின்னால புத்துநோய் வர வாய்ப்பிருக்குது. அதுக்கு முந்தி கோயமுத்தூர்ல எம்.ஆர்.ஐ. எடுத்து, உப்பல் எங்கிருந்து எது வரைக்கும்னு பாத்துரலாம்."

அவன் மிஷினிலும் துணி குழாயாகத்தான் இறங்கும். நடுவில் ஒரு இடம் உப்பித் தொங்கினால் அந்தத் துண்டை வெட்டித்தான் எறிவான். தடவிக் கொடுத்துச் சரிசெய்ததில்லை. "வெட்டிரலாங்க," என்றான்.

கோயமுத்தூரில் எம்.ஆர்.ஐ. மிஷினுக்குள் ஆடாமல் படுத்திருந்துவிட்டு வெளியே வந்த ஆஷா, "அப்பா மிஷின்தான் சத்தம் சாஸ்தி," என்றாள். படத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பை தெரிந்தது. அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது.

ஆஷா வீடு திரும்பிய அன்று சகாயராஜ் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு ட்யூப்லைட் மாட்டினான். ஸ்டூலில் நின்றவனிடம் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் வந்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. கொஞ்சம் கீழாநெல்லி..."

"அதெல்லாம் வேணாம். நேரா இவ கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போ, பெட்டி இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா," என்றாள் ரோஸ்மேரி. "உன் புருசன் தலை அந்தப் பெட்டிக்குள்ள நுழையாது."