ரேகை கேட்ட தயவு

கேட்காத உதவியைத் தேடி வந்து செய்கிற ஆளைக் கண்டாலே மதலேனாளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதிலும் ஞானசிகாமணி! தன் தோப்பில் விழுந்த தென்னமட்டையைக்கூட எண்ணி அடுக்குகிற மனுஷர். அவர் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் ஊரே பார்க்க, அவள் புருஷன் ஏசுதாசன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

"தம்பி, உன் வயலுக்கு என் தோப்பு வழியாத்தானே வண்டி போகுது? எனக்குப் பின்னாடி என் பிள்ளைக உன்னய மறிச்சிரக் கூடாதுல்ல. வழிவிட அனுமதின்னு எழுதியே கொண்டாந்துட்டேன். கீழ உன் ரேகைய மட்டும் வச்சு, அடுத்த ஞாயித்துக்கிழம குடுத்துரு."

"எம்புட்டுப் பெரிய மனசு!" என்று சனங்கள் மெச்சினார்கள். ஏசுதாசனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பாவம், யாராவது சிரித்துப் பேசினால் உருகிவிடுகிற மனுஷன்.

மதலேனாள் உருகவில்லை. பெரியாற்று அணைத் தண்ணீர் பள்ளத்தாக்குக்கு வந்த காலத்திலிருந்து, முப்பத்தைந்து வருஷமாக, அவள் மாமனார் ஓட்டிய எருவண்டியும் கதிர்வண்டியும் அந்தத் தோப்பு வழியாகத்தான் போய்வந்தன. ஒருத்தரும் மறித்ததில்லை; ஒருத்தரிடமும் கேட்டதுமில்லை. வயலுக்கு வேறு பாதை கிடையாது. அதை அடைத்துவிட்டால் வயலை ஞானசிகாமணியிடமே அவர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். இத்தனை வருஷம் இல்லாத அனுமதி இப்போது எதற்கு? கொடுக்கிறவர் கையெழுத்துப் போட்டால் போதாதா, வாங்குகிறவன் ரேகை எதற்கு?

ஜெபப்புத்தகம் வாசிக்கிற எழுத்தறிவை வைத்துக்கொண்டு காகிதத்தை மூன்று தடவை படித்தாள். 'மேற்படியாருடைய தயவின் பேரில் நாளது வரைக்கும் அனுபவித்து வருகிறபடியால்' என்று ஓடியது. ஒவ்வொரு வார்த்தையும் தமிழ்தான். சேர்த்துப் படித்தால் ஒரு எழவும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில்தான் குழி இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

யாரிடம் கேட்பது? உபதேசியார் ஞானசிகாமணிக்கு மைத்துனர். ஊர் நிலக்கணக்கு எழுதுகிற கர்ணமோ அவர் தோப்பு இளநீரைக் குடித்தே தொந்தி வளர்த்தவர்.

புதன்கிழமை உத்தமபாளையத்துக்கு நடந்தாள். பதிவாபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் பத்திரம் எழுதும் பலவேசம் உட்கார்ந்திருந்தார். காகிதத்தின் அடியில் எழுதியவர் என்று அவர் பேர்தான் இருந்தது. எழுதினவருக்குத் தெரியாதா! ஆனால் 'இது எங்களுக்கு நல்லதா' என்று கேட்டால் உண்மை சொல்வாரா? எழுதச் சொன்னவர் பக்கம்தானே பேசுவார்? வழியெல்லாம் இதையே மனசுக்குள் அரைத்துக்கொண்டு வந்தவள், ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"அய்யா, நான் தேவாரம் ஊர்ப் பக்கம். எங்க தோப்புக்குள்ள ஒருத்தன் முப்பது வருசமா வண்டி ஓட்டுறான். அத நிறுத்தணும். வேலி போட்டுறவா?"

"போட்டுறாத ஆத்தா! யாரையும் கேக்காம, மறிக்க ஆளில்லாம, இருவது வருசம் நடந்துட்டான்னா அது அவன் பாதை. கேஸ் போட்டா செயிச்சிருவான்." பலவேசம் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "சிரிச்சுப் பேசு. 'இத்தன நாளும் உங்க தயவுலதான் நடந்தேன்'னு எழுதி, அவன் ரேகைய வாங்கிரு. வச்சிட்டான்னா அவன் உரிமை அன்னைக்கே செத்துச்சு. அப்புறம் நீ நெனச்ச அன்னைக்கு அடச்சுக்கலாம். போன வாரங்கூட ஒரு பெரிய மனுசருக்கு இதத்தான் எழுதிக் குடுத்தேன்."

அந்தப் பெரிய மனுஷர் யாரென்று மதலேனாளுக்கு விளங்கிவிட்டது. அடப்பாவி மனுஷா, கோயில் வாசலில் வைத்தா இந்த வேலை! "நல்லாச் சொன்னீக அய்யா" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் சொன்னால் ஏசுதாசன் நம்பவே மாட்டேன் என்றான். "அவுகளப் போயி சந்தேகப்படுறியேடி!" மூன்று நாள் சண்டை. கடைசியில், ரேகை வைக்க மட்டும் அவனுக்கும் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது.

"வச்சாச்சா தம்பி?" என்றார் ஞானசிகாமணி. ஏசுதாசன் தலையைக் குனிந்துகொண்டான். மதலேனாள்தான் காகிதத்தை நீட்டினாள். ரேகை இல்லாத காகிதம்.

"அனுமதி வேணாம்ணே. நாங்க கேக்கலியே. இத்தன வருசம் கேக்காமத்தான் நடந்தோம். இனியும் அப்படித்தான் நடப்போம்."

"நன்றி கெட்டவ" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். மதலேனாளுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. ஞானசிகாமணி கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "எவன் சொல்லிக் குடுத்தான்?"

"நீங்க எழுதச் சொன்ன ஆளுதாண்ணே."

அவர் முகம் செத்துப்போனதை ஏசுதாசனும் பார்த்தான். வீடு வந்ததும் அவன் மாடுகளுக்கு வைக்கோலை உதறிப் போட்டான்.

"வண்டியப் பூட்டுங்க" என்றாள் மதலேனாள்.

"எதுக்கு?"

"தோப்பு வழியா ஒரு நடை போய்ட்டு வருவோம். இன்னைக்குப் போகலைன்னா பயந்துட்டோம்னு நாளைக்கே பாதையில முள்ள வெட்டிப் போட்டுருவாக."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா மாடு பூட்டுனா பாவம்டி!"

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல நான் சொல்லிக்கிறேன். நீங்க பூட்டுங்க."