வாங்காத துணிகள்

கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடியை அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே மரை போட்ட நீளக் கம்பி ஒன்று உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் கம்பி சுழலும். அதில் கோத்த நட்டு முன்னால் நகரும். நட்டு தள்ளத் தள்ளக் கட்டிலின் தலை மேலே எழும். இந்தக் கட்டிலில் கைப்பிடி மட்டும் சும்மா சுற்றியது. கைப்பிடியையும் கம்பியையும் சேர்க்கும் ஆணி நழுவியிருந்தது.

"டேய், என்னைப் பாக்க வந்தியா, கட்டிலைப் பாக்க வந்தியா?" என்றாள் அக்கா மேலேயிருந்து.

"ரெண்டும் பழசு. எது முதல்ல சரியாகுதுன்னு பாப்போம்."

பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த சிட்டு சிரித்துவிட்டாள். அக்காவின் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள் அவள். உருவம் சின்னது, கை வேகம். அதனால் அக்கா வைத்த பெயர் அது. கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் குடியிருந்தாள்.

"சிரிக்காதே சிட்டு. இன்னும் நாலு பேசுவான்."

ஆணியைத் தட்டி உள்ளே இறக்கிவிட்டு அவர் கைப்பிடியைச் சுற்றினார். அக்காவின் முகம் மெல்ல மேலே வந்து ஜன்னலைப் பார்த்தது.

"லிஃப்ட்காரன் தம்பியா இருந்தா இதுதான் வசதி," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் கோட்டு இன்னும் கடையில தொங்குதுடா. ஒரு கொக்கியை அடைச்சுக்கிட்டு," என்றாள்.

"வந்து வாங்கிக்கறேன்க்கா."

"ஆள் அனுப்பாதே. நீயே வா."

அவரையே பார்த்தாள். சிட்டு பழத் தட்டை நீட்டியதும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவர் தன் மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு அது. காபி கொட்டிவிட்டதென்று துவைக்கக் கொடுத்தார். அதன் பிறகு கோட்டுப் போடும்படி ஒன்றும் நடக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் அக்கா அதைச் சொல்லுவாள். அவரும் அதே பதிலைச் சொல்லுவார்.

மதியம் அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் உயர்த்தி வைத்த உயரத்திலேயே கட்டில் இருந்தது. அதை இறக்கச் சொல்லி நர்ஸ் அவரைத்தான் கேட்டாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். அக்காவின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு தம்பியான அவருக்கு என்பது தெரிந்ததுதான். கையெழுத்துப் போட்ட அன்றே அக்கா போனில் சொல்லியிருந்தாள். "கடை சிட்டுவுக்கு. வீட்டுச் சாமான் உனக்கு. அலைச்சலும் உனக்கு. அவகிட்ட இப்ப மூச்சு விடாதே. தெரிஞ்சா வேண்டாம்னு பெட்டியைக் கட்டிடுவா."

"அசலைப் பழுப்புக் கவர்ல போட்டு உங்க அக்கா கையிலயே கொடுத்துட்டேன். எங்கிட்ட நகல்தான் இருக்கு," என்றார் வக்கீல்.

"நகல் போதாதா சார்?"

"அசல் அவங்ககிட்ட இருந்தது. இப்ப இல்லை. அப்படின்னா மனசு மாறி அவங்களே கிழிச்சுப் போட்டிருப்பாங்கன்னுதான் கோர்ட்டு முதல்ல நினைக்கும். அப்படி இல்லைன்னு நாம நிரூபிக்கறது கஷ்டம்." வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "உயில் இல்லைன்னா சொத்து நெருங்கின உறவுக்குப் போகும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அதாவது, உங்களுக்கு."

அக்காவின் வீட்டில் அலமாரி, பீரோ, மெத்தைக்கு அடி, அரிசி டப்பா எல்லாவற்றையும் அவர் பார்த்தார். வங்கிப் பெட்டகத்தில் இரண்டு வளையல்தான் இருந்தன.

"கிடைக்கலைன்னா கடை நமக்குத்தானே?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க இவ்வளவு தேடுறீங்க?"

கேட்ட விதத்தில் பேராசை ஒன்றும் இல்லை. மகளின் வீட்டுக் கடன் அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் செருப்பை மாட்டினார்.

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். லிஃப்ட் நின்றுவிட்டால் புதிதாக வேலைக்கு வந்தவன் கீழ்மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே ஏறுவான். எல்லா மாடிக் கதவுகள் வழியாகவும் ஒரே மின்சாரம்தான் ஓடுகிறது. ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் லிஃப்ட் நகராது. பழகினவன் நேரே நடுமாடிக்குப் போவான். அங்கே மின்சாரம் வந்திருந்தால் கோளாறு அதற்கு அப்பால். வராவிட்டால் இப்பால். ஒரே சோதனையில் பாதிக் கட்டிடம் கழிந்துவிடும்.

உயில் கிளம்பிய இடம் வக்கீல் ஆபீஸ். சேர வேண்டிய இடம் அக்காவின் வீடு. நடுவில் கடை.

"அக்கா ஒரு பழுப்புக் கவரோட கடைக்கு வந்த ஞாபகம் இருக்கா? கடைக் காகிதம்தான்," என்று சிட்டுவிடம் கேட்டார்.

"நல்ல செருப்புப் போட்டுக்கிட்டு வந்தாங்களே, அன்னிக்கா? கால் வலிக்குதுன்னு நாள் பூரா புலம்பினாங்க. கவர் இருந்துச்சு அண்ணா."

"வீட்டுக்குப் போகும்போது?"

சிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மழை. ஒரு கையில குடை, ஒரு கையில அந்தச் செருப்பு. வெறுங்காலோட போனாங்க."

அப்படியென்றால் கடையை விட்டு வெளியே போகவில்லை. கல்லாப்பெட்டி, மேசை இழுப்பறை, சலவை மெஷினுக்குப் பின்னால் என்று அவர் தேடினார். கிடைத்தது ஒரு டப்பா நிறையப் பட்டன்.

"அண்ணா," என்றாள் சிட்டு. இஸ்திரி மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கடையை மூடறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. ரூம் பாக்கணும்."

"இப்போதைக்கு நடத்து."

அப்போது ஒருவர் இரண்டு பேன்ட் கொண்டுவந்து போட்டார். சிட்டு எண் எழுதிய துணித் துண்டை இடுப்புப் பட்டியில் குத்தினாள். பிறகு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். ஒரு சாவி, கசங்கிய டிக்கெட், பாதி மிட்டாய். எல்லாவற்றையும் சின்னப் பையில் போட்டு அதே எண்ணை எழுதினாள். பேனா ஒன்று உள்ளே இருந்துவிட்டால் ஒரு மெஷின் துணியும் நாசம் என்று அக்கா சொல்லுவாள்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "திருப்பிக் கொடுக்கும்போதும் பாக்கெட்டைப் பாப்பீங்களா?"

"துவைச்சு, இஸ்திரி போட்டு, உறையும் மாட்டியாச்சு. அதுக்குள்ள என்ன அண்ணா இருக்கப் போகுது?"

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். வரும் பாக்கெட்டைத்தான் பார்க்கிறார்கள். துவைத்து முடித்த பாக்கெட்டில் யாரும் கை விடுவதில்லை. அந்தத் துணிக்குச் சொந்தக்காரன் வந்து வாங்கும் வரை.

"என் கோட்டு எங்கே இருக்கு?"

"வாங்காத துணியெல்லாம் கடைசியில. இருங்க."

சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். கூரையை ஒட்டி ஓடும் சங்கிலி நகரத் தொடங்கியது. சங்கிலியில் கொக்கிகள், கொக்கிகளில் உறை போட்ட உடுப்புகள். எல்லாம் வரிசையாகக் கடையைச் சுற்றி வந்தன. கடைசியில் ஒரு கறுப்புக் கோட்டு ஆடிக்கொண்டே வந்து நின்றது.

சிட்டு அதை இறக்கினாள். உறையின் அடிப்பக்கத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "இது நான் மூடினது இல்லையே. நான் முடிச்சுப் போடுவேன். ஊசி குத்தறது அக்கா பழக்கம். இதை எதுக்குப் பிரிச்சாங்க?"

"குடு பாப்போம்."

ஊசியைக் கழற்றிவிட்டு அவர் கோட்டைப் போட்டுக்கொண்டார். தோள் பொருந்தியது. வயிற்றில் பட்டன் எட்டவில்லை. இடது பக்கம் உட்பாக்கெட்டில் ஏதோ விறைப்பாக நெஞ்சில் இடித்தது. கையை உயர்த்தியபோது காகிதம் சரசரத்தது.

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று நீராவி விட்டது. சிட்டு அடுத்த சட்டையை விரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே மனைவி சொல்லிவிட்ட காய்கறிக் கடை, பஸ் நிறுத்தம், வீடு. இந்தக் கடையில் வெளியே போகும் பாக்கெட்டை யாரும் பார்ப்பதில்லை.

"பில் இருக்கா அண்ணா?" என்றாள் சிட்டு, தலை நிமிராமல்.

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சு."

"பில் இல்லாம அக்கா யாருக்கும் கொடுக்க மாட்டாங்க. தம்பியா இருந்தாலும்."

"சரி, நீ என்ன சொல்றே?"

"நான் என்ன சொல்றது? கடைக்காரங்க சொல்லணும்."

அவர் உட்பாக்கெட்டிலிருந்து பழுப்புக் கவரை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"சார், நான்தான். கிடைச்சுடுச்சு… அசல்தான்… கடையிலயே இருந்தது. சரி. காலையில வர்றோம்."

சிட்டு திரும்பிப் பார்த்தாள். "வர்றோம்னா?"

"நீயும் வரணும். வக்கீல் ஆபீசுக்கு."

"நான் எதுக்கு? கடையை யாரு பாத்துக்கறது?"

"அரை நாள் மூடலாமா வேண்டாமான்னு நீயே யோசிச்சுச் சொல்லு."

அவள் விரித்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவர் முதுகில் கோட்டு மடிந்திருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். பிறகு சங்கிலியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகப் பொத்தானை அழுத்தினாள்.

உடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. அவற்றின் நடுவே ஒரு காலிக் கொக்கி. வளைவு வந்ததும் அது லேசாக ஆடிவிட்டு, மற்றவற்றோடு திரும்பி உள்ளே போனது.