உப்பு டப்பாவின் மூடி

அக்கா வந்து இறங்கிய அன்றைக்கே விளக்குமாறு மூலைக்குப் போய்விட்டது.

அதுவரைக்கும் அது கூடத்துக்கு நடுவில், சோபாவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பெருக்கியாகிவிட்டது, கதவுப் பக்கம் பாக்கி என்று அதற்கு அர்த்தம். அந்த அர்த்தம் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் நடுவீட்டில் விளக்குமாறு நிற்கக் கூடாது என்பதுதான்.

"என்னடி இது, வர்றவங்க இடறி விழறதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், மிச்சத்தையும் பெருக்கிக் குப்பையை அள்ளிவிட்டாள். பெண்கள் விடுதியில் வார்டனாகவே தலை நரைத்தவள் அவள். அவள் உள்ளே நுழைந்தால் தலையணைகூடத் தானாக நேராகிவிடும் என்று விடுதிப் பெண்கள் சொல்வார்களாம்.

தங்கைக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர் வைத்ததும் அக்காதான். கடைக்குப் போய்விட்டு வா என்று சொல்லி முடிப்பதற்குள் மீதிச் சில்லறையோடு எதிரே நிற்பாளாம். கல்யாணமான பிறகு புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்னார். நரம்புகளின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போகிற வியாதி. பெயர் வாயில் நுழையாமல் எம்.எஸ். என்று சுருக்கிக்கொண்டார்கள். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை. அசதிதான். நாம் சொல்கிற அசதி இல்லை அது. கைகாலில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டின மாதிரி இருக்கும். தூங்கி எழுந்தாலும் போகாது. அடுப்பு ஆவி முகத்தில் பட்டால் போதும், கூடிவிடும். வரும்போது ஞாபகத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். இப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே அழிந்துவிடும்.

அதனால் ராக்கெட் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். எந்த வேலையையும் ஒரே மூச்சில் செய்வதில்லை. பாதி செய்வாள், உட்காருவாள், பிறகு மிச்சம். நிறுத்துகிற இடத்திலேயே சாமானை விட்டுவிடுவாள். எது வரைக்கும் முடிந்தது என்று அவள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சாமான் வைத்துக்கொள்ளும். பாதி மடித்த துண்டுகளின் மேல் மடிக்காத துண்டு ஒன்று விரிந்து கிடக்கும். அடுப்படியில் உப்பு டப்பாவின் மூடி திறந்திருந்தால் உப்பு இன்னும் போடவில்லை. மூடியிருந்தால் போட்டாகிவிட்டது.

அக்கா சும்மா வரவில்லை. ராக்கெட்டின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டறேன், என் வீட்டுக்கு மூச்சு வாங்கிட்டு படியேறுறேன்" என்று அவரே சிரிப்பார். வெளியூரில் புதுக் கட்டடம் ஒன்றில் மூன்று வாரம் வேலை வந்திருந்தது. தனியாக இருந்துகொள்வேன் என்றாள் ராக்கெட். அவருக்குப் பயம். அக்காவுக்குப் போன் போட்டார். "அவளை இங்க அனுப்பிடுங்க" என்றாள் அக்கா. கடைசியில், அக்கா நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று ஆனது.

அக்கா வீடு என்றாலே ராக்கெட்டுக்குப் பயம். வியாதி தெரிந்த புதிதில் அங்கே ஒரு மாதம் இருந்தாள். குறை சொல்ல முடியாது, தட்டு கைக்கே வந்தது. ஒரு டம்ளரைக்கூடக் கழுவ விடவில்லை. திரும்பி வந்தபோது சொந்த அடுப்படியில் விருந்தாளி மாதிரி நின்றாள். வேலை மறந்த கையை மறுபடி பழக்கத்துக்குக் கொண்டுவர எத்தனையோ மாதம் ஆனது. இன்னொரு தடவை போனால் திரும்ப அது வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் காயை வெட்டிக் கொதிக்க வைத்துவிட்டு, ஸ்டூலிலிருந்து எழுந்து அறைக்குப் போய்ச் சற்றுநேரம் படுத்தாள். எழுந்து வந்து பார்த்தபோது உப்பு டப்பா மூடியிருந்தது. சரி, போட்டாகிவிட்டது என்று அடுப்பை அணைத்தாள்.

சாப்பிடும்போது புருஷன் முதல் வாயை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். இரண்டாவது வாய்க்கும் தண்ணீர் குடித்தார்.

அக்கா ஒரு வாயோடு நிறுத்தினாள். "உப்பே இல்லையேடி!"

"பரவால்ல அண்ணி, பிரஷருக்கு நல்லது" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. இன்னிக்கு உப்பை மறந்தா. நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தா?"

ராக்கெட் அடுப்படிப் பக்கம் திரும்பி டப்பாவைப் பார்த்தாள். போடாமலே மூடியிருக்கிறேனா? அப்படியானால் இனிமேல் எந்த அடையாளத்தை நம்புவது? அந்தப் பயத்தில்தான் தன்னால் முடியும் என்று நாளைக்கு அக்காவுக்குக் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தாள்.

காட்டினாள். விடிந்ததும் வீடு முழுக்க ஒரே மூச்சில் பெருக்கித் துடைத்தாள். படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இரண்டு கையையும் தூக்கிக் கொடியில் போட்டாள். ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆவியில் நின்றபடியே சமைத்தாள்.

"அப்படிப் போடு! இதான்டி என் ராக்கெட்டு" என்றாள் அக்கா. "மனசு வச்சா முடியாதது என்ன இருக்கு?"

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும் தாங்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போன கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனியப் பார்த்தாள், இடது கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. புருஷன் ஓடிவந்து தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் தரையில்தான் விழுந்திருப்பாள்.

கட்டிலில் படுக்கவைத்தபோது பேசக்கூட நாக்கு வரவில்லை. அக்கா ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பிறகு பெட்டியை இறக்கித் தங்கையின் துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"எங்கூடத்தான் வர்றா. இதுல பேச்சே கிடையாது" என்றாள். புருஷன் வாசற்படியில் நின்று பெட்டியைப் பார்த்தார்.

மறுநாள் கட்டிலிலிருந்தே திறந்த கதவு வழியாக அடுப்படி தெரிந்தது. அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து உப்பு அளந்து போட்டாள், மூடினாள். ஒரு வாய் பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது, மறுபடி திறந்து கரண்டியைத் தேடினாள். அதற்குள் பால் பொங்க, அதை இறக்கினாள். இறக்கிவிட்டுத் திரும்பியவள், திறந்திருந்த டப்பாவைப் பார்க்காமலே, போகிற போக்கில் மூடியைத் தட்டி மூடினாள்.

ராக்கெட் முழங்கையை ஊன்றி எழுந்தாள். "அக்கா!"

"என்னடி, தண்ணி வேணுமா?"

"அதை ஏன் மூடின?"

"எதை?"

"உப்பு டப்பாவை."

"தொறந்து கிடந்துச்சு, மூடினேன். ஈரம் பட்டா கட்டியாயிடாதா?"

"அன்னிக்கும் நீதான் மூடினியா? நான் படுத்திருந்தப்போ?"

அக்கா கரண்டியோடு யோசித்தாள். "மூடியிருப்பேன். எது தொறந்து கிடந்தாலும் மூடிடுவேன். கைப்பழக்கம்."

ராக்கெட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். மூடியின் கணக்கு, விளக்குமாறு நிற்கிற இடம், விரிந்து கிடக்கும் துண்டு, எல்லாவற்றையும்.

"அப்போ உப்பு இல்லாம போனது என்னாலயா?"

"பின்ன? அவர்தான் பாவம், தண்ணிய குடிச்சே வயித்தை நிரப்பினார்."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அக்கா லேசில் விடுகிறவள் இல்லை. "சரி, உப்பு நான். நேத்து விழப் பாத்தியே, அதுவும் நானா?"

"அது நான்தான். உன்கிட்ட பேர் வாங்கணும்னு எல்லாத்தையும் முழுசா செஞ்சேன். பாதி பாதியா செய்யற நாள்ல நான் விழுந்ததே இல்லக்கா. அவரையே கேளு."

அவர் உள்ளே வந்து நின்றார். "வாஸ்தவம்தான் அண்ணி. எனக்கு இது தெரியும். பயத்துல நானே மறந்துட்டேன்."

அக்கா பெட்டியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "சரி. நீ எழுந்து நடமாடட்டும். ஒரு நாள் கையைக் கட்டிட்டு உக்காந்து பாக்கறேன். அதுக்கப்புறம் சொல்றேன்."

"நீங்களா? கையைக் கட்டிட்டா?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

சொன்னபடியே, ராக்கெட் தெம்பாக நடக்க ஆரம்பித்த நாளில் அக்கா சோபாவில் போய் உட்கார்ந்தாள். விடுதியில் ராத்திரி முழுக்கக் காவல் இருந்தபோதுகூட அவள் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டாள். விளக்குமாறு கூடத்து நடுவில் வந்து நின்றது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துண்டு பாதியில் நின்றது. அக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த ஒரு துண்டை மட்டும் மடிச்சிடட்டுமாடி?"

"உக்காருக்கா."

"கை அரிக்குதுடி."

"அரிச்சா சொறிஞ்சுக்கோ. துண்டைத் தொடாதே."

காய் வெந்துகொண்டிருக்கும்போது ராக்கெட் உள்ளே போய்ப் படுத்தாள். அக்கா தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தாள். உப்பு டப்பா வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. கை தானாக மூடிக்குப் போனது. தொட்டும் விட்டது. சுடு பாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டு, தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சோபாவுக்கே திரும்பினாள்.

ராக்கெட் எழுந்து வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். திறந்த டப்பாவைப் பார்த்தாள், உப்புப் போட்டாள், மூடினாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

சாயங்காலத்துக்குள் வீடு பெருக்கியிருந்தது, துண்டுகள் அலமாரிக்குள் இருந்தன. சாப்பாட்டை மாப்பிள்ளை தண்ணீர் இல்லாமலே சாப்பிட்டிருந்தார். ஜன்னல் மேல்தட்டில் மட்டும் தூசி அப்படியே இருந்தது.

"அது?" என்றாள் அக்கா.

"அது நாளைக்கு. எங்க ஓடிடப் போகுது?"

அக்கா எழுந்து அறைக்குள் போனாள். பெட்டி திறக்கிற சத்தமும் அலமாரிக் கதவுச் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள்.

"மாப்பிள்ளை, நீங்க வேலைக்குக் கிளம்புங்க. இவ இங்கயே இருக்கட்டும். தினம் போன் பண்ணுவேன், எடுக்கலைன்னா நேரா வந்து நிப்பேன்."

ராக்கெட் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. அவளுடைய துணியில் பாதி அலமாரிக்குப் போயிருந்தது. மிச்சம் பெட்டியிலேயே இருக்க, மேலே ஒரு புடவை விரிந்து கிடந்தது.

"மிச்சத்தை நீயே எடுத்து வச்சுக்கோ" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "என்னால முடியாது."

"வைக்கறேன். என்ன அவசரம்?" என்று ராக்கெட் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.