எரியவில்லை என்று சொன்னவள்

முத்துச்செல்விக்குப் பிறந்ததிலிருந்தே வலி தெரியாது. அம்மாவைச் சொந்தத் தாய்மாமனுக்கே கட்டி வைத்ததில் வந்திருக்கும் என்றார் திருநெல்வேலி டாக்டர். பால்பல் முளைத்ததும் தன் நாக்கு நுனியைத் தானே கடித்துத் துப்பிய பிள்ளை அவள். தொட்டால் தெரியும், ஈரம் பட்டால் தெரியும். சுட்டாலும் கிழித்தாலும் நோகாது.

2012இல் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தபோது, நோய் ஏதும் உண்டா என்று கேட்ட படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள். உண்மையை எழுதினால் யார் வேலை கொடுப்பார்கள்? விஷயம் தெரிந்தவள் காந்திமதி ஒருத்திதான். அம்பாசமுத்திரத்துக்காரி. பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் இருவருக்கும் ஒரே வாடகை அறை. லைனிலும் அடுத்தடுத்த இடம்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். பாகங்களைக் கழுவும் இயந்திரத்தின் குழாய் பிய்த்துக்கொண்டு, காஸ்டிக் சோடா கலந்த காரத்தண்ணீர் முத்துச்செல்வியின் முகத்தில் அடித்தது. அவளுடைய பாதுகாப்புக் கண்ணாடி உடைந்து ஒரு வாரமாகியும் புதியது வந்திருக்கவில்லை. வலது கண்ணிமையில் ஈரம் தெரிந்தது. கழுவிக்கொள்ளலாம் என்று குழாயடிக்கு நகர்ந்தாள்.

சூப்பர்வைசர் கோபால் குறுக்கே வந்தார். "இன்னாம்மா, எங்க போற?"

"கண்ணுல தண்ணி பட்டுட்டு சார்."

"எரியுதா?"

எனக்கு எரியாது சார், அதனால்தான் கழுவ வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். படிவம் நினைவுக்கு வந்தது.

"இல்ல சார்."

"எரியலைல்ல, அப்புறம் இன்னா? லைன் நின்னுக்கினு கீது பாரு. போ, போ."

காந்திமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். முத்துச்செல்வி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்வரை வேலை பார்த்தாள். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் காந்திமதி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏட்டி, கருவிழி வெள்ளையால்லா இருக்கு!"

காஞ்சிபுரத்துக் கண் டாக்டர், "உடனே கழுவியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். புண் ஆழமாகிவிட்டதால் இமைகளைப் பாதி சேர்த்துத் தைத்தார். "இன்னொரு கண்ணுலயும் உணர்ச்சி இல்லை. தூசி விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கூட இருக்கிறவங்க தினம் இமையை விலக்கிப் பாக்கணும். பாத்துட்டுச் சொட்டு மருந்து விடணும்."

பத்து நாள் கழித்துக் கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். அதிகாரி நரசிம்மன் குரலை உயர்த்தவேயில்லை.

"எரியலன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்புறம் நாலு மணி நேரம் வேலை பாத்திருக்கீங்க. கண்ணு போற அளவுக்குப் பட்டிருந்தா யாராவது சும்மா நிப்பாங்களாம்மா? வெளியில எங்கயோ பட்டிருக்கு."

இனி மறைத்துப் பயனில்லை. "எனக்கு வலியே தெரியாது சார், பிறவியிலேருந்து."

அவர் படிவத்தை எடுத்து அவள் முன் தள்ளினார். "அப்ப பொய் சொல்லிச் சேந்திருக்கீங்க."

"தண்ணி அடிச்சத காந்திமதி பாத்தா சார். அவகிட்ட கேளுங்க."

காந்திமதியைக் கூப்பிட்டார்கள். அவள் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றே முத்துச்செல்வியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

தையலைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதுவரை அந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு அறைக்கு வந்த காந்திமதி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருந்துப் புட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆக்குதோம்னாவ. நான் வேற என்னட்டி செய்ய?"

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது முத்துச்செல்விக்கு. இருக்கிற ஒரு கண்ணுக்கு அந்தக் கையை விட்டால் வேறு கை இல்லை.

"பேசாம ஊத்து" என்றாள்.

காந்திமதி குனிந்து இமையை விலக்கிப் பிடித்தாள். அவள் முகம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. பார்வையை வேறு பக்கம் திருப்ப வழியில்லாமல் முத்துச்செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.