ரஷ்யப் பக்கத்துக் கட்டங்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் எங்கள் அச்சகத்துக்கு வருவதெல்லாம் சிப்காட் கம்பெனிகளின் லேபிளும் பில் புத்தகமும்தான். அதனால் ரஷ்ய மொழியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை ஸ்டீபன் எங்கள் தெருப் பையன், கஜகஸ்தானில் வெல்டர். பெண் லேனா, அங்கே தொழிலாளர் முகாமின் சமையலறையில் வேலை பார்த்தவள். அவளுடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கிறார், கல்யாணத்துக்கு வர முடியாது. பத்திரிகையையாவது அம்மா தானே படிக்க வேண்டும் என்று லேனா ஆசைப்பட்டாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ரஷ்யன், இரண்டிலும் இரு வீட்டார் பெயர்களும்.

எங்களிடம் இருந்த கல்யாண எழுத்துரு ஒன்றில்கூட ரஷ்ய எழுத்து கிடையாது. தேடிப் பிடித்து ஒன்றை இறக்கி, அழகாகக் கோத்து, மெஷின் அறைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மெஷின் அறைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையே என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. தன்னிடம் இல்லாத எழுத்து வந்தால் கணினி வெறும் கட்டம் போட்டு வைக்கும்.

மறுநாள் லேனாவும் ஸ்டீபனின் அம்மா ஞானம்மாவும் வந்தார்கள். ஒரே ஆட்டோவில் வந்தும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஞானம்மா அவளிடம் எதைச் சொன்னாலும் மகன் வழியாகத்தான் சொல்வார். அது தெருவுக்கே தெரியும்.

லேனா பத்திரிகையைத் திருப்பினாள். பக்கம் முழுக்க வரிசை வரிசையாகக் கட்டங்கள்.

"அம்மா பேரு இல்ல," என்றாள், ஸ்டீபனிடம் கற்ற தமிழில். அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது.

மெஷின் ஓட்டும் வரதனைக் கூப்பிட்டேன். "இன்னாண்ணா இது?"

"அவங்க ஊரு டிசைனுன்னு நெனச்சிக்கினேம்மா. அம்சமா இருக்கட்டும்னு சுத்தி பார்டரு வேற போட்டேன்."

பார்டர் அம்சமாகத்தான் இருந்தது. அவரைத் திட்டவும் முடியாமல் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நின்றேன்.

ஞானம்மா பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் கட்டமா கீது. இதுல எது அவங்க அம்மா பேரு?"

லேனா ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். ஞானம்மா அந்த வரிமேல் தன் விரலை வைத்தார்.

"பொண்ணப் பெத்தவங்க பேரு இல்லாத பத்திரிகைய எந்த மூஞ்ச வச்சிக்கினு நான் குடுக்கிறது? வேற அச்சடி, அருணா. வர்ற வரைக்கும் இங்கியே இருக்கோம்." நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு லேனாவின் கையைப் பிடித்து, "நீயும் குந்து," என்றார். அவர் அவளிடம் நேராகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எழுத்துகள் எல்லாவற்றையும் படமாக மாற்றினேன். படத்துக்கு எழுத்துரு தேவையில்லை, எந்தக் கணினிக்குப் போனாலும் அப்படியே நிற்கும். இருந்தாலும் சூடுபட்ட பூனையாக, மெஷின் அறைத் திரையில் கண்ணால் பார்த்த பிறகுதான் வரதனை அச்சடிக்க விட்டேன்.

மை காயாத பத்திரிகை கைக்கு வந்ததும் லேனா வீடியோ கால் போட்டாள். தலையணையில் சாய்ந்த ஒரு முகம் தெரிந்தது. ஞானம்மா பத்திரிகையைத் தானே போனுக்கு முன்னால் பிடித்தார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரைப் படித்தார், மகள் பெயரைப் படித்தார், சிரித்தார். அடுத்த பெயரில் கொஞ்சம் தடுமாறி, எழுத்துக் கூட்டினார்.

"ஞா... நம்... மா?"

ஞானம்மா பத்திரிகையை இறக்கிவிட்டுத் தன் முகத்தைப் போனுக்கு நேராகக் காட்டினார்.

"ஆமா சம்பந்தியம்மா," என்றார். "நான்தான்."