முதல் அறை

பெட்டிக்குள் படுத்திருந்த அக்காவுக்குக் கண்ணாடி போட்டுவிட வேண்டும் என்றான் தம்பி. இனி எதற்கு என்று அவன் மனைவி கேட்டு முடிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஓவியக்கூடத் தலைவர் வந்துவிட்டார். அவன் அவசரமாகக் கண்ணாடியை அவள் மூக்கில் ஏற்றிவிட்டு எழுந்தான்.

காலையில், காபி ஆறட்டும் என்று கண்ணை மூடியவள் பிறகு திறக்கவில்லை. ஊரின் பொது ஓவியக்கூடத்தில் எந்தப் படம் தொங்கும், எது தொங்காது என்று முடிவு செய்தவள் அவள்தான். அடுத்த மாதம் தொடங்கும் பருவத்துக்கான கண்காட்சிகளையும் அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். ஒன்றில் வெறும் நாற்காலிக் கால்கள் கூரையிலிருந்து தொங்கும். முதல் அறை, ஆஸ்பத்திரியின் பழைய போர்வைகளை ஒட்டுப்போட்டு ஆளுயரச் சுவராக்கிய ஒரு தையல்காரிக்கு. பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் தம்பியின் ஏரிப் படங்களுக்கு மட்டும் எந்த அறையும் இல்லை.

அதைச் சொல்ல அவளே அவன் வீடு தேடி வந்திருந்தாள்.

"படம் நல்லாத்தான்டா இருக்கு. போன தடவையும் இதேதான் நல்லா இருந்துச்சு."

அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவள் கூப்பிட்டபோதெல்லாம் போனை அடிக்கவிட்டான். இனிப் பேச முடியாது என்ற துக்கம் ஒரு பக்கம். கோபமும் போன பாடில்லை. இரண்டும் சேர்ந்து இருப்பது அவனுக்கே கேவலமாக இருந்தது.

தலைவர் பெட்டியருகே சற்று நின்றார். பிறகு அவனைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஓவியக்கூடக் குழு கூடிப் பேசிவிட்டதாம். அக்காவின் நினைவாக முதல் அறையைத் தம்பிக்கே கொடுப்பதாம். தையல்காரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது, அச்சகத்துக்காரர் காத்திருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

தம்பியின் வாழ்நாள் ஆசை வாசல் தேடி வந்திருக்கிறது, அதுவும் இன்றைக்குப் பார்த்து. மனைவி அடுப்பருகே கையைத் துடைத்தபடி அவனையே பார்த்தாள். அக்கா வேண்டாமென்றது அவர்கள் இருவருக்கும் தெரியும். குழுவுக்குத் தெரியாமல் எப்படி?

"அக்கா எதுவும் சொல்லலையா சார்?"

"சொன்னாங்களே. நீங்களே படத்தைத் திருப்பி வாங்கிட்டீங்களாம். இன்னும் தயாராகலைன்னு சொன்னீங்களாமே? அதுல அவங்களுக்கு ரொம்பப் பெருமை."

அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற அக்கா, அவன் மானத்தைக் காப்பாற்ற வெளியே ஒரு பச்சைப் பொய் சொல்லியிருக்கிறாள்.

தெருவில் வண்டி வந்து நின்றது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். தலைவர் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, என்ன போடச் சொல்லட்டும் என்று கேட்டார். ஒரு சரி சொன்னால் போதும். மனைவி வாயைத் திறக்க மாட்டாள். திறக்கக்கூடிய ஒரே ஆள் ஹாலில் கிடக்கிறாள்.

"இன்னும் தயாராகலை சார்," என்றான். "தையல்காரி பேரே இருக்கட்டும்."

தலைவர் ஏதோ சொல்ல வந்தார். அவன் நிற்கவில்லை.

தலைமாட்டில் அவனும் வண்டிக்காரரும், கால்மாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருமாகப் பெட்டியைத் தூக்கினார்கள். வாசற்படியில், இடது பக்கம் தாழ்கிறது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தம்பி தன் பக்கத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்தான்.

"இப்பச் சரியா?" என்று கேட்டான், பெட்டியைப் பார்த்தபடி.