உபயோகிப்பவர் தவறு

சர்வீஸ் கம்பெனியில் அவருக்கு ஓவன் டாக்டர் என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். இரண்டு வருடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததில் மற்றவர்களும் அலுத்துப்போய் ஒத்துக்கொண்டார்கள்.

டாக்டருக்குச் சில கொள்கைகள் உண்டு. ஓவனோடு வரும் புத்தகத்தைப் பிரிக்கவே மாட்டார். தொழில் தெரியாதவனுக்குத்தான் புத்தகம் என்பார். எந்த ஓவனைத் திறந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் பங்குக்கு ஒரு சின்னத் திருத்தம் செய்யாமல் மூடமாட்டார். பழுது எதுவும் கண்ணில் படாவிட்டால் சர்வீஸ் தாளில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘உபயோகிப்பவர் தவறு’ என்று எழுதி, அந்த வீட்டம்மாவிடமே கையெழுத்தும் வாங்கிவிடுவார். கதவை அடிக்கடி திறக்கிறீர்கள், சூடேறும் முன்பே டிரேயை வைக்கிறீர்கள், மாவை அளவுக்கு மீறிக் கலக்குகிறீர்கள் என்று ஏதாவது ஒரு உபதேசம் செய்யாமல் ஒரு வாசலையும் தாண்டியதில்லை. தன் வாழ்நாளில் அவர் ஒரு கேக்கும் சுட்டதில்லை என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை காலை, புகார்களை எழுதிக்கொள்ளும் அக்கா அன்றைய பட்டியலைக் கொடுத்தாள். மூன்றாவது விலாசத்தைப் படித்ததும் டாக்டர் திருதிருவென்று விழித்தார்.

“அக்கா, இது என் வீடு.”

“தெரியும். உங்க வீட்டம்மாதான் போன் பண்ணாங்க. வேற மெக்கானிக் யாராவது இருந்தா அனுப்புங்கன்னு கேட்டாங்க. ஓவனுக்கு நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க, நான் என்ன பண்ண? டாக்டர் வேற.”

பக்கத்து மேஜைகளில் நான்கு பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள். டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

விஷயம் அவருக்குத் தெரியாததல்ல. ஐந்து மாதமாக வீட்டில் கேக் நடுவில் குழிந்து, மேலே வெளிறி, உள்ளே மாவாகவே வந்துகொண்டிருந்தது. அந்தத் தெரு முழுக்கப் பிறந்தநாளுக்கு அவர் மனைவி கையால்தான் கேக். “ஓவன்ல சூடு பத்தலங்க” என்று அவள் சொன்னபோது, டாக்டர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே மூன்று காரணங்கள் சொன்னார். மூன்றும் அவளுடைய தவறுகள். அவள் நம்பினாள். மாவை மாற்றினாள், மூன்று முறை சலித்தாள், கதவுப் பக்கமே போகாமல் இருந்தாள். போன மாதம் ஒருநாள், “என் கைதான் போயிடுச்சு போல” என்றாள். அதற்கு டாக்டர், “உப்பை இப்படித் தள்ளு” என்றார்.

இப்போது தன் வீட்டு மணியைத் தானே அடித்துவிட்டு நின்றார்.

“வாங்க சார்” என்றாள் மனைவி.

இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. கேக் அச்சுகளையும் டிரேக்களையும் செய்தித்தாளில் சுற்றிப் பாதி அடுக்கியிருந்தாள்.

“சனிக்கிழமை மாடி வீட்டு டீச்சர் ரிட்டயர் ஆகறாங்க. எழுபது பேருக்குக் கேக் கேட்டிருக்காங்க. இன்னைக்கு சாயங்காலம் பதில் சொல்லணும். ஓவன்ல ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, முடியாதுன்னு சொல்லிட்டு இதையெல்லாம் கட்டி பரண்ல போட்டுடறேன். இனிமே சுடமாட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். டாக்டர் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து ஓவன் பக்கம் திரும்பினார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையில் இறங்கினார். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். மின்விசிறி தடையில்லாமல் சுற்றியது. அதைச் சுற்றியிருந்த வட்ட ஹீட்டரில் மீட்டரை வைத்தார், ஒரு குறையுமில்லை. சூட்டை அளக்கும் சென்சார் கம்பியின் ஒயர்களைச் சோதித்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்.

“எல்லாம் நல்லாதான் இருக்கு” என்றபடி தாளை எடுத்தார். பழகின கை, தானாக ‘உப’ வரை எழுதிவிட்டது. நிமிர்ந்தால் மனைவி அந்த இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டையும், கடிகாரம் மாதிரி முள் வைத்த குட்டித் தெர்மாமீட்டரையும் எடுத்து வைத்தாள்.

“ஒரு மாசமா இதை உள்ள வச்சுப் பாத்து எழுதறேன். நூத்தி எண்பது வச்சா, நூத்தி நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது.”

“அதெல்லாம் விளையாட்டுச் சாமான்மா. அதை நம்பி...”

“சரி, உங்களுதை வைங்க.”

டாக்டரின் பையில் சூடு அளக்கும் கருவி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை வைத்தால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் உறையை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. இன்று எடுத்து உள்ளே வைத்து, பிளக்கைச் சொருகி ஓவனை நூற்று எண்பதில் ஓடவிட்டார். அரைமணி கழித்து அது நூற்று முப்பத்தெட்டு காட்டியது. தட்டிப் பார்த்தார். மறுபடியும் நூற்று முப்பத்தெட்டு.

மனைவி ஓவனோடு வந்த புத்தகத்தை விரித்து நீட்டினாள்.

“இந்தப் படத்துல சென்சார் கம்பி எதையும் தொடாம தனியா நிக்குது. நம்மளுது ஏன் பின் சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு?”

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

கம்பியை அப்படி வளைத்ததே அவர்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஓவனைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தவர், டிரே இடித்துவிடக் கூடாதென்று கம்பியைச் சுவரோடு படுக்கவைத்தார். அதுதான் அவருடைய பிரசித்தி பெற்ற சின்னத் திருத்தம். சுவருக்குப் பின்னாலேயே ஹீட்டர். சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு கம்பி போதும் போதும் என்று சொல்ல, ஹீட்டர் பாதியிலேயே அணைந்துவிடும். கேக் என்ன செய்யும் பாவம், குழிந்துபோகும்.

“அது... டிரே இடிக்காம இருக்கணுமேன்னு நான்தான்...”

“டிரே இடிக்குதுன்னு நான் சொன்னேனா?”

“இல்ல.”

ஓவன் ஆறியதும் கம்பியை இரண்டு விரலால் நிமிர்த்தினார். ஐந்து மாதத்து வியாதிக்கு அரை நிமிடச் சிகிச்சை. மனைவி கொஞ்சமாக மாவு கலந்து உள்ளே வைத்தாள். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓரங்கள் எழுந்தன. அப்புறம் நடுப்பகுதியும் மெதுவாக மேலே வந்து, வந்த இடத்திலேயே நின்றது.

அவள் அழுதாள்.

“என் கை போயிடுச்சுன்னே நினைச்சுட்டேங்க” என்றாள்.

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வெட்கத்தை அவர் அதற்கு முன் பட்டதில்லை. ‘உப’வை அடித்துவிட்டு ‘மெக்கானிக் தவறு’ என்று எழுதினார். கண்ணாடி போடாமலேயே அவளால் படிக்க முடிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினார்.

“சத்தமா படிங்க” என்றாள். படித்தார். கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டாள்: “இப்படிக் கம்பியை வளைக்கிறது... நம்ம ஓவன்ல மட்டும்தானே?”

இரண்டு வருடமாக டாக்டர் திறந்த ஓவன் ஒவ்வொன்றிலும் கம்பி சுவரில்தான் படுத்திருந்தது. அதில் பாதிப் பேர், வேகவில்லை என்று மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் போய், ஹீட்டர் நன்றாக இருக்கிறது, விசிறி நன்றாக இருக்கிறது, தவறு உங்களுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு பெண் கையெழுத்துப் போடும்போது, “எனக்கு இது வராது போல சார்” என்று சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர், பழகினால் வரும் என்று பெரிய மனது பண்ணி ஆறுதல் சொல்லியிருந்தார்.

போனை எடுத்து ஆபீஸுக்கு அடித்தார்.

“அக்கா, நான் போன வீடுகளோட பழைய தாள் எல்லாம் எடுத்து வைங்க. காரணம் உபயோகிப்பவர் தவறுன்னு எழுதினது மட்டும். ஒவ்வொரு வீடாப் போகணும்.”

அந்தப் பக்கம் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

“எல்லாத்தையுமா, டாக்டர்? கையில தூக்க முடியாதே. பெட்டி ஏதாவது கொண்டு வாங்க.”

போன் சத்தம் மனைவி காதிலும் விழுந்தது. அவள் சுற்றியிருந்த செய்தித்தாள்களைப் பிரித்து, அச்சுகளையும் டிரேக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். பிறகு அந்த அட்டைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.